சரசுவதி மகால்

பொதிய மலையிற் பிறந்து, பாபநாசத்தில் அருவியாய் இழிந்து, அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, திருநெல்வேலி, திருவைகுண்டம், ஆழ்வார்திருநகரி முதலிய ஊர்களை வளப்படுத்திப் புன்னைக்காயலை அடுத்துக் கடலொடு கலப்பது தாமிரபரணி. பொருநை என்பது இதன் பழம்பெயர். இவ்வாற்றின் இரு மருங்கும் நெல் விளைந்தது போலவே புலமையும் விளைந்தது. கவிராயர் என்னும் பட்டம் பூண்ட குடும்பங்கள் பல இக்கரைகளில் வழிவழியாக வாழ்ந்து வந்தன. ஆழ்வார்திருநகரி ஒன்றிலேயே பல கவிராயர் வீடுகள் இருந்தன. மருத்துவர், சோதிடர், மடத்துத் துறவியர், கோயிற் பணியாளர் ஆகியோர் இல்லங்களிலும் ஏட்டுச் சுவடிகள் இருந்தன. எனவே, அச்சுப்பொறி பரவாத காலத்தில் இவ்வாற்றங்கரை முழுவதும் ஒரு பெரிய நூலகமாகவே விளங்கிற்று எனலாம். அந்நூலகத்திற்குக் கட்டடம் இல்லை, காப்பாளர் இல்லை, பட்டியலும் இல்லை.

ஏட்டுச் சுவடி எழுதுதல் எளிய தொழிலன்று. பனையின் முற்றாத ஓலையைத் தெரிந்து வெட்டி, ஈர்க்கினைக் களைந்து, நிழலில் உலர்த்துவர். பின்னர் வெந்நீரில் வேகவைத்து மீட்டும் உலர்த்திச் சங்கு அல்லது வழவழப்பான கல்லினால் தேய்த்து மெருகேற்றுவர். ஒரே அளவாக நறுக்கிய ஏடுகளில் இரண்டு துளையிட்டு, ஒன்றிற் கயிறு கோத்து, மற்றொன்றில் நாராசம் என்னும் குச்சியைச் செருகுவர். கயிற்றின் முனை உருவி விடாதபடி ஓலையை நறுக்கிக் கட்டும் முடிக்குக் கிளிமூக்கு என்று பெயர். மேலும் கீழும் மரச் சட்டம் வைத்துக் கட்டினால் சுவடி முடிந்தது. இவ்வளவு செய்தும் ஓர் ஏட்டின் வாழ்நாள் முந்நூறு அல்லது நானூறு ஆண்டுகளே. அதற்குள் யாரேனும் ஒருவர் அதனைப் பார்த்து வேறோர் ஏட்டிற் பெயர்த்தெழுதுதல் வேண்டும். பெயர்த்தெழுதுவார் ஒரு தலைமுறையில் இல்லாது போயினும் அந்நூல் அடுத்த தலைமுறைக்கு எட்டாது. சங்க நூல்கள் இரண்டாயிரம் ஆண்டுகள் கடந்து வந்தன என்றால், பெயர் தெரியாத பலர் ஒருவர்பின் ஒருவராக எழுத்தாணி பிடித்தனர் என்பதே அதன் பொருள்.

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர் 1888-ஆம் ஆண்டில் பத்துப்பாட்டுச் சுவடிகளைத் தேடித் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தார். திருநெல்வேலியில் ஒரு கவிராயர் வீட்டிற் புகுந்தபோது, சுவடிகள் தூசியின்றிக் கட்டப்பெற்று வரிசை வரிசையாக அடுக்கப்பெற்றிருந்த காட்சியைக் கண்டு அவர் வியந்தார். அங்கு வேண்டியது கிட்டவில்லை. ஆயினும் ஆழ்வார்திருநகரியில் அவருக்குப் பத்துப்பாட்டுச் சுவடி ஒன்று கிடைத்தது. அடுத்த ஆண்டாகிய 1889-இல் பத்துப்பாட்டு நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேறிற்று. தாமிரபரணிக் கரையில் ஒரு வீட்டில் உறங்கிக் கிடந்த ஓலைகள், இன்று தமிழ் படிப்போர் அனைவர் கையிலும் உள்ள நூலுக்குத் துணை செய்தன.

ஆனால், அப்பயணத்திலேயே அவர் வேறொரு செய்தியையும் கேட்டார். ஒரு வீட்டில் வண்டிக்கணக்காகக் கிடந்த சுவடிகள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன, பழைய ஏடுகளை ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் ஆற்றில் விடுதல் மரபு என்று பெரியோர் சிலர் கூறினர், அவ்வாறே விட்டுவிட்டனர். என் சரித்திரம் என்னும் தம் வரலாற்று நூலில் ஐயர் இதனை எழுதி வைத்துள்ளார். கரிவலம்வந்தநல்லூரில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. அவ்வூரில் பாண்டிய மரபில் வந்த அரசர் ஒருவர் தொகுத்து வைத்திருந்த சுவடிகள் கோயிலைச் சேர்ந்தன என்று கேள்வியுற்று ஐயர் அங்குச் சென்றார். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இடுதல் விதி என்று கருதி, அவற்றை எரித்துவிட்டதாக அங்கிருந்தோர் கூறினர். எரித்தவர் நூல்களின் பகைவர் அல்லர். ஆற்றில் விட்டவரும் பகைவர் அல்லர். ஆண்டுதோறும் சரசுவதி பூசையன்று அவ்வேடுகளைத் துடைத்துப் பொட்டிட்டு வணங்கியவர்களே அவர்கள். வணங்கியதோடு நின்றனர்; விரித்துப் படித்திலர். படிப்பார் இன்மையால் எவ்வேடு அரியது, எவ்வேடு எளியது என்பதை உரைப்பாரும் இலர் ஆயினர்.

அரசர் ஒருவர் தொகுத்த சுவடிகள் இவ்வாறு தீக்கிரையாயின. வேறோர் அரசர் தொகுத்த சுவடிகளும் ஏறத்தாழ அதே நூற்றாண்டில் ஆதரிப்பாரின்றி நிற்கும் நிலையை எய்தின. ஆனால் அவை அழிந்தில. அவற்றைக் காண விரும்புவோர் திருநெல்வேலியிற் புகைவண்டி ஏறி, மதுரையும் திருச்சிராப்பள்ளியும் கடந்து தஞ்சாவூரில் இறங்குதல் வேண்டும். பெரிய கோயிலைக் கண்ட கண்ணுடன் நகருக்குள் சிறிது தொலைவு நடந்தால் பழைய அரண்மனை தோன்றும். அதனுள்ளேதான் சரசுவதி மகால் நூலகம் அமைந்துள்ளது.

நூலகத்திற்கென்று எழுப்பிய கட்டடம் அன்று அது. அரசர் கொலுவீற்றிருக்கவும், அமைச்சர் ஆராயவும், படைக்கலம் காக்கவும், பெண்டிர் உறையவும் எனப் பல தலைமுறைகளில் பல பகுதிகளாகக் கட்டப்பெற்ற மாளிகைத் தொகுதி. பதினாறாம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் தொடங்கினர். பின்வந்த மராட்டியர் விரித்தனர். சுண்ணச் சாந்து பூசிய பருத்த சுவர்களும், வளைந்த மாடங்களும், உயர்ந்த கோபுரங்களும் அதன்கண் உள. கோடை வெயிலில் தெருவிலிருந்து உள்ளே புகுவார்க்கு அச்சுவர்களின் பயன் உடனே விளங்கும்.

நாயக்கர் காலத்திலேயே அரண்மனையில் நூற்சாலை ஒன்று இருந்தது. சரசுவதி பண்டாரம் என்று அதனை வழங்கினர். இரகுநாத நாயக்கர் தாமே கவி பாட வல்லவர். இராமபத்திராம்பா போன்ற பெண்பாற் புலவர்களும் அவர் அவையில் இருந்தனர். 1670-களில் நாயக்கர் ஆட்சி முடிந்து, சிவாஜியின் தம்பி முறையினரான ஏகோஜி தஞ்சையைக் கைக்கொண்டார். அரசு கைமாறுங்கால் கருவூலம் கொள்ளை போதல் உலக வழக்கு. பண்டாரத்தின் ஏடுகளோ தஞ்சையிலேயே தங்கின. வென்றவரும் அவற்றைத் தம்மவையாகப் போற்றிப் பெருக்கினர். இஃது அம்மரபினர்க்குப் பெருமை தருவது.

நூலகத்தின் பெயரோடு இணைந்து வழங்கும் மன்னர் இரண்டாம் சரபோஜி. அவர் 1777-இல் பிறந்தவர்; 1798-இல் அரியணை ஏறியவர். இளமையில் அவருக்குக் காவலராய் இருந்து கல்வி பயில வகை செய்தவர் செருமானிய நாட்டுச் சுவார்ட்சு பாதிரியார். (இவரே 1778-இல் பாளையங்கோட்டைக்கும் வந்து சென்றவர்.) ஆட்சிக்கு வந்த மறு ஆண்டே, அஃதாவது 1799-இல், கிழக்கிந்தியக் கம்பெனியாரோடு செய்த உடன்படிக்கையால் சரபோஜி நாட்டின் ஆட்சியை இழந்தார். தஞ்சைக் கோட்டையும், ஆண்டுதோறும் பெறும் உதவித்தொகையும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்குமே அவருக்கு எஞ்சின. படை நடத்தல் இல்லை. வரி தண்டல் இல்லை. வழக்குத் தீர்த்தல் இல்லை. இவ்வாறு கை கட்டப்பெற்ற அரசர் பலர் வேட்டையிலும் வெற்றுக் களியாட்டிலும் தம் பொருளைத் தொலைத்தனர். சரபோஜி நூல் வாங்கினார்.

வாங்கினார் என்பது சிறு சொல். 1820-ஐ அடுத்த ஆண்டுகளில் அவர் பெரும் பரிவாரத்துடன் காசி யாத்திரை சென்றார். சென்ற இடமெல்லாம் புண்ணிய நீராடியதோடு, சுவடிகளையும் திரட்டினார்; விலைக்குத் தாராதவற்றைப் பெயர்த்தெழுதச் செய்தார். ஐரோப்பாவிலிருந்து மருத்துவம், உடற்கூறு, நிலவியல், இசை, அகராதி எனப் பல துறை நூல்களைத் தருவித்தார். ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன், இலத்தீன் முதலிய மொழிகளில் அமைந்த அவ்வச்சு நூல்கள் ஏறத்தாழ 4,500. அவற்றுட் பலவற்றில் மன்னர் தம் கையொப்பத்தையும் நாளையும் பொறித்துள்ளார். ஒரு நூலைப் பெற்ற நாளைக் குறித்து வைத்தல் சிறு செயலே. ஆயினும் அதனை ஆயிரக்கணக்கான நூல்களில் செய்தவரின் உள்ளம் எங்கிருந்தது என்பதை அக்கையொப்பங்கள் காட்டுகின்றன.

மன்னர் நூல்களை அடுக்கி அழகு பார்த்தவர் அல்லர். தன்வந்திரி மகால் என ஒரு மருத்துவ நிலையத்தை நிறுவினார். சித்தம், ஆயுர்வேதம், யுனானி, மேனாட்டு மருத்துவம் ஆகிய நால்வகையினரும் அங்குக் கூடி மருந்துகளை ஆராய்ந்தனர். பயன் கண்ட முறைகளைப் புலவர் தமிழ்ச் செய்யுளாக யாத்தனர். அவை சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் பெயரால் இன்று நூல்களாக வெளிவந்துள்ளன. கண்ணோயுற்றோரின் நிலையையும் அவர்க்குச் செய்த மருத்துவத்தையும் குறித்த தாள்களும், அக்கண்களை வண்ணத்தில் தீட்டிய படங்களும் நூலகத்தில் உள. இருநூறு ஆண்டுகட்கு முற்பட்ட அக்குறிப்புகளை இக்காலக் கண் மருத்துவரும் எடுத்து ஆராய்ந்துள்ளனர். 1805-இல் மன்னர் தேவநாகரி எழுத்தில் அச்சிடும் பொறி ஒன்றையும் தஞ்சையில் அமைத்தார். ஈசாப்பின் நீதிக் கதைகள் மராட்டிய மொழியில் அங்கு அச்சாயின. தமிழ்ப் புலவரும் அவ்வவையில் புறக்கணிக்கப்பட்டிலர். கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி இம்மன்னரைத் தலைவராகக் கொண்டது.

சரபோஜி 1832-இல் மறைந்தார். அவர் மகன் சிவாஜி 1855-இல் ஆண்மகவின்றி இறந்தார். ஆண்வழியில்லா அரசுகளைத் தம்முடையவை ஆக்கிக்கொள்வது கம்பெனியார் வழக்கம். அவர்கள் தஞ்சைக் கோட்டையையும் அரண்மனையையும் அதனுள் இருந்த உடைமைகளையும் கைப்பற்றி முத்திரையிட்டனர். நூலகமும் அவ்வரண்மனைக்குள்தான் இருந்தது. கைப்பற்றிய பொருள் ஏலம் போகலாம், கப்பலேறலாம், மழையில் நனைந்து மக்கலாம். மூத்த அரசியாகிய காமாட்சி பாயி அஞ்சி ஒடுங்கினார் அல்லர். அரசு வேறு, குடும்பச் சொத்து வேறு என்று சென்னை உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து வென்றார். எனினும் 1859-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை மாற்றியது. கம்பெனியார் செய்தது அரசின் ஆணையால் செய்த செயல்; அதன் நன்மை தீமையை நீதிமன்றம் ஆராய்தற்கில்லை என்பது அம்மன்றத்தின் முடிவு. நீதி என்ற சொல்லுக்கு அத்தீர்ப்பில் இடம் குறைவே. பின்னர் 1862-இல் அரசாங்கத்தார் குடும்பச் சொத்துகளை அரசியரிடம் திருப்பி ஒப்படைத்தனர். ஏடுகளும் அரண்மனையிலேயே நின்றன.

நின்றன என்பதனால் உயிர் பெற்றன என்று கொள்ளல் ஆகாது. கரிவலம்வந்தநல்லூர் ஏடுகளும் ஒரு காலத்தில் கோயிலில் நின்றவையே. தஞ்சை ஏடுகளுக்கு வாய்த்ததோ பட்டியல். தஞ்சையில் மாவட்ட நீதிபதியாக இருந்த ஆர்தர் கோக் பர்னல் என்னும் ஆங்கிலேயர் வடமொழி கற்றவர். அவர் நீதிமன்றப் பணிக்கிடையே அரண்மனையின் வடமொழிச் சுவடிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து நோக்கி, இன்ன துறை, இன்ன நூல், இன்ன எழுத்து என வகைப்படுத்தினார். அவருடைய பட்டியல் 1880-இல் இலண்டனில் அச்சாகி முடிந்தது. அளவிறந்த உழைப்பால் உடல் நலிந்த அவர் 1882-இல் நாற்பத்திரண்டு வயதிலேயே காலமானார். அப்பட்டியல் வெளிவந்த பின், தஞ்சையில் எவை உள என்பதை உலகத்து அறிஞர் அறிந்தனர். ஓர் ஏடு காணாமற் போயின் கேட்பதற்கு ஆள் உண்டாயிற்று. பின்னர் உலகநாத பிள்ளை தமிழ்ச் சுவடிகளுக்கும், பி. பி. எஸ். சாத்திரியார் வடமொழிச் சுவடிகளுக்கும் விரிவான அட்டவணைகளை இயற்றினர். சாத்திரியார் அட்டவணை மட்டும் 19 தொகுதிகள் கொண்டது. கதை நூல் படிப்பார் ஆயிரவர் உண்டு. அட்டவணை படிப்பார் அரியர். ஆயினும் சுவடிகளின் காவலுக்கு அட்டவணையிற் சிறந்த பூட்டு இல்லை.

1918-ஆம் ஆண்டில் அரச குடும்பத்தாரின் இசைவோடு நூலகம் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. அதுகாறும் அரசர் அருள் பெற்றாரன்றிப் பிறர் நுழைய இயலாத மாளிகையில், அன்றுமுதல் கற்க விரும்பிய எவரும் நுழையலாயினர். அதன் பயன் விரைவில் தோன்றிற்று. தஞ்சையிலும் சுற்றூர்களிலும் இருந்த பண்டிதர் குடும்பங்கள் சில, தம் முன்னோர் காத்த சுவடித் தொகுதிகளை இந்நூலகத்திற்கு வழங்கின. தம் வீட்டுப் பரணைவிட இப்பொது மண்டபம் பாதுகாவலானது என்று அவர்கள் நம்பினர். வீட்டிலுள்ளதைப் பொதுவில் வைக்கத் துணிவார் எக்காலத்தும் சிலரே ஆதலின், அவர்கள் செயலைப் போற்றாது கடத்தல் இயலாது.

ஆள்வோர்க்கென எழுந்த மாளிகை கற்போர்க்கு உரியதாதல் பிற இடங்களிலும் நிகழ்ந்ததே. கல்கத்தாவில் வங்காளத் துணை ஆளுநர் உறைந்த பெல்வெடேர் மாளிகை 1953-இல் தேசிய நூலகமாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பாரிசு நகரில் பிரெஞ்சு மன்னர்களின் லூவர் அரண்மனை 1793-இல் பொதுக் கலைக்கூடமாயிற்று. தமிழகத்தில் 1948-இல் இயற்றப்பெற்ற சென்னைப் பொது நூலகச் சட்டம், பொது நூலகங்களுக்கென ஓர் அரசு இயற்றிய சட்டங்களில் விடுதலை பெற்ற இந்தியாவில் முதலாவது. சீகாழியிற் பிறந்த நூலக அறிஞர் இரங்கநாதனாரின் பல்லாண்டு முயற்சி அதன்பின் நின்றது. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் தண்டப்பெற்று, ஊர்தோறும் கிளை நூலகம் அமைய வழி பிறந்தது. பாளையங்கோட்டையில் மாவட்ட மைய நூலகத்தில் அமர்ந்து நாளிதழ் படிக்கும் முதியவரும், தேர்வுக்குப் பயிலும் இளைஞரும் அச்சட்டத்தின் நிழலில் அமர்ந்தவர்களே. சரசுவதி மகாலை 1983-இல் இந்திய அரசு நாட்டின் தலையாய நிறுவனங்களுள் ஒன்றாக அறிவித்தது.

இனி, நூலகத்தைக் காணச் சென்றவர் கண்ணில் படுவன யாவை? அரண்மனை முற்றத்தைக் கடந்ததும் ஒருபுறம் கலைக்கூடம். சோழர் காலச் செப்புத் திருமேனிகள் அங்கு நிற்கின்றன. அவற்றில் மயங்கி நூலகத்தை மறந்து திரும்புவோரும் உளர். அவரைக் குறை கூற இயலாது. நூலகப் பகுதியில், பார்வையாளர்க்கென அமைந்த காட்சிக் கூடத்தில் அரிய பொருள்கள் சில கண்ணாடிப் பேழைகளுள் வைக்கப்பெற்றுள்ளன. படம் தீட்டிய சுவடிகளும், பழைய நிலப்படங்களும், மன்னர் கையொப்பமிட்ட நூல்களும் ஆங்குக் காணலாம். மனித முகத்தையும் விலங்கு முகத்தையும் அருகருகே வைத்து ஒப்புமை காட்டும் பிரெஞ்சு ஓவியர் லெ புருனின் படங்களின்முன் சிறுவர் கூட்டம் நெடுநேரம் நிற்பது வழக்கம். ஆந்தை முகத்தாரையும் ஆட்டு முகத்தாரையும் கண்டு, தம் தோழர் முகத்தைத் திரும்பி நோக்கி நகைப்பர். யானையின் இலக்கணமும் நோயும் கூறும் கச சாத்திரம் வண்ணப் படங்களுடன் கூடியது. அரண்மனையில் யானை கட்டிய காலத்தில் அது வெறும் ஏட்டுக் கல்வியன்று. பாகருக்கும் மருத்துவருக்கும் வேண்டிய கைந்நூல்.

காட்சிக் கூடத்திற் காண்பது மொத்தத்தில் ஒரு சிறு துளியே. உள்ளே 40,000-க்கு மேற்பட்ட சுவடிகள் உள. பெரும்பகுதி வடமொழி நூல்கள். அவை கிரந்தம், தேவநாகரி, நந்திநாகரி, தெலுங்கு எனப் பல எழுத்துகளில் எழுதப்பெற்றவை. தமிழ்ச் சுவடிகள் 3,000-க்கு மேல், மராட்டியமும் ஏறத்தாழ அவ்வளவே, தெலுங்கும் உண்டு. மராட்டிய அரசின் கணக்குகளும் கடிதங்களும் மோடி என்னும் விரைவெழுத்தில் மூட்டை மூட்டையாக எஞ்சியுள்ளன. அரண்மனையிற் செலவான அரிசி, கலைஞர்க்கு அளித்த ஊதியம், சத்திரங்களில் நடந்த அறம் ஆகியவை அவற்றில் அடங்கியுள்ளன. அவ்வெழுத்தைப் படிக்க வல்லார் தமிழகத்தில் மிகச் சிலரே.

தமிழ்ச் சுவடியைத் தமிழறிந்தார் எளிதிற் படித்துவிடலாம் என்று எண்ணுதல் தவறு. ஏடெழுதுவோர் மெய்யெழுத்திற்குப் புள்ளி இடார். கூரிய எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்னும் அச்சம் அதற்குக் காரணம் என்பர். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவில் வேறுபாடு இல்லை. ஆகவே கொடு என்பதும் கோடு என்பதும் ஏட்டில் ஒன்றே. கால் என்னும் குறியும் ரகரமும் ஒரே தோற்றமுடையன. சொற்களுக்கு இடையே இடம் விடுவதில்லை. அடி முடிந்த இடத்தில் வரி முடிவதும் இல்லை. செய்யுளும் உரையும் ஒரே ஓட்டமாக ஓடும். இவற்றைப் படிப்பதற்கு எழுத்தறிவு போதாது. யாப்பும் இலக்கணமும் நூற்பயிற்சியும் ஒருங்கே வேண்டும். பதிப்பாசிரியர் ஒருவர் ஒரு சொல்லைத் துணிவதற்கு ஊர் ஊராகச் சென்று பல படிகளை ஒப்பிட்டது இதனால்தான். ஒரு படி கோடு என்று கொள்ள இடந்தரும். மற்றொரு படியில் அவ்விடமே சிதைந்திருக்கும். மூன்றாவது படியின் உரைப்பகுதி பொருளைக் காட்டிக்கொடுக்கும். அம்மூன்றாவது படி ஆடிப்பெருக்கில் போயிருந்தால், அச்சொல்லும் போயிற்று.

சுவடிகளுக்குப் பகை பல. பூச்சி துளைக்கும், ஈரம் பூஞ்சணம் பூக்கச் செய்யும், மிகு வறட்சி ஏட்டை அப்பளம்போல நொறுக்கும். பழுதுற்ற ஏட்டைப் பேணுவோர் முதலில் மென்தூரிகையால் தூசு நீக்குகின்றனர். பின்பு எலுமிச்சம்புல் எண்ணெயைத் தடவுகின்றனர். அது பூச்சியை ஓட்டுவதோடு ஓலைக்கு வளையும் தன்மையையும் மீட்டுத் தருகிறது. எழுத்து மங்கியிருப்பின் கரிமையைப் பூசித் துடைக்கின்றனர். கீறலுள் மை தங்கி எழுத்துத் தெளிவாகத் தோன்றும். முன்னோர் இதனை மையாடுதல் என்றனர். விளக்குக் கரியோடு கோவையிலைச் சாறு, மஞ்சள் முதலியவற்றைக் கூட்டினர். வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, இலவங்கப்பட்டை ஆகியவற்றை இடித்துக் கற்பூரம் சேர்த்துச் சிறு பொட்டலமாகக் கட்டி நூல்களின் அருகே வைப்பது இந்நூலகத்தில் தொன்றுதொட்டு வரும் முறை. மருந்துப் பெட்டியும் சமையலறையும் கலந்தாற்போன்ற அம்மணத்தை, ஒருமுறை நுகர்ந்தவர் எளிதில் மறவார். இக்காலத்தில் ஏடுகளை நுண்படமாகவும் மின்னணுப் படியாகவும் எடுத்து வைக்கின்றனர். மூல ஏட்டைத் தொடாமலே ஆராய்வோர் படிக்க அது வகை செய்கிறது. பழங்காலத்துப் பெயர்த்தெழுதுவார் செய்த பணியையே இன்று பொறிகள் செய்கின்றன; பொறிகளும் பழுதடைவன ஆதலின், அப்படிகளையும் காலந்தோறும் புதிய படியாக மாற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும்.

தாமிரபரணிக் கரையூர்களில் இன்றும் பழைய வீடுகளை இடிக்கும்போது பரணிலிருந்து ஓலைக்கட்டுகள் இறங்குவதுண்டு. அவற்றுட் பல நிலவிலைப் பத்திரமாகவோ, சாதகமாகவோ, கடன் கணக்காகவோ இருக்கும். சில மருத்துவ நூலாக இருக்கும். எங்கோ ஒன்று எவரும் அறியாத இலக்கியமாகவும் இருக்கலாம். கட்டை அவிழ்க்குமுன் இன்னதென்று கூற யாராலும் இயலாது. அவற்றை ஏற்றுக் காப்பதற்குத் தஞ்சைச் சரசுவதி மகால் உளது. 1981-இல் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகம் உளது. சென்னையில் 1869-இல் தொடங்கிய அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகமும், சாமிநாதையர் பெயரால் அமைந்த நூலகமும் உள. தருவோர் பெயரையும் ஏட்டோடு சேர்த்துப் பதிந்து வைப்பது சுவடி நூலகங்களின் வழக்கம்.

முதல் ஏடும் இறுதி ஏடும் இழந்து, நூற்பெயரோ ஆசிரியர் பெயரோ தெரியாத கட்டுகளும் வந்து சேர்வதுண்டு. அவற்றையும் தள்ளிவிடுவதில்லை. எத்தனை ஏடு, ஏட்டின் நீளம் அகலம் எவ்வளவு, பக்கத்திற்கு எத்தனை வரி, எவ்விடத்திற் செல்லரித்தது என்பவற்றை அளந்தெழுதி, கிடைத்த முதல் வரியையும் கடைசி வரியையும் பார்த்தெழுதி, ஓர் எண்ணிட்டு, துணியிற் சுற்றி, தனக்குரிய தட்டில் வைக்கின்றனர்.